எட்டடி முகம்

எங்கள் ஊரில் சண்டை போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வாய். அடுத்து சட்டையைப் பிடிப்பது. பிடித்த கையை எதிராளி ஒருமுறை தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டால்தான் செருப்பு காலை விட்டுக் கைக்கு வரும். செருப்பு கைக்கு வந்த பிறகுதான் விலக்கிவிட ஆள் வருவார்கள். விலக்க வந்தவன்தான் எல்லாரையும் விட அதிகமாக அடி வாங்குவான். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம், கோர்ட் வாசல், காய்கறி மண்டி என்று சுற்றிச் சுற்றி நான் இதைத்தான் பல வருடங்களாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு கோபத்துக்குப் பஞ்சமே இல்லை. விடிகாலையில் கிளம்பி வந்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, 'நாளைக்கு வா' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிற மனுஷன், ஷேர் ஆட்டோவில் தன் இடத்தில் ஒருவன் பையை வைத்திருப்பதைப் பார்த்தால் சும்மா இருப்பானா? அவன் யாரை அடிக்க வேண்டுமோ அவரை அடிக்க முடியாது. பைக்காரனை அடிப்பான். நான் ஓரமாக நின்று படம் எடுப்பேன். பத்திரிகைக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள்; பிழைப்புக்கு நான் கல்யாணப் போட்டோ எடுக்கிறவன். சிலர் திட்டுவார்கள்: "யோவ், வந்து விலக்கி வுடுவியா, போட்டோ புட்சிக்கினு நிக்கற!" விலக்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கை ஓங்குவதைப் பார்த்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும்தான் பார்ப்பேன்.

அப்படி எடுத்த ஒரு சண்டையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். போன மழைக்காலத்தில், ஆட்டோ ஸ்டாண்டில் நடந்தது. கச்சிராயபாளையம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், பஸ்ஸை விட்டு இறங்கி வந்த இன்னொருவனை நடு ரோட்டில் போட்டு அடித்தார். வாயும் இல்லை, சட்டையும் இல்லை. நேராகக் கைதான். மூக்கில் விழுந்த முதல் குத்தில் ரத்தம் என் பக்கம் தெறித்தது. அடித்தவர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கத்தினார்.

"எந்தங்கச்சிய வயித்துல ஒதச்சியாடா? வயித்துலயாடா ஒதச்ச?"

அடிபட்டவன் தங்கையின் புருஷன். தங்கை அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். கீழே விழுந்தவனை விட்டுவிட்டு ஆட்டோக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து டயர் கழற்றுகிற இரும்புக் கம்பியை எடுத்தார். தலைக்கு மேல் ஓங்கினார். நான் எடுத்தேன். அடுத்த நொடி மற்ற டிரைவர்கள் அவர் கையைப் பிடித்துத் தொங்கினார்கள். அதை எடுக்க முடியவில்லை, ஒருவருடைய முதுகு மறைத்துவிட்டது. கம்பி இறங்கவே இல்லை. ஆட்டோ டயரில் சாய்ந்து கிடந்தவனின் முகத்தை மட்டும் கிட்டப் போய் எடுத்தேன். மூக்கிலிருந்து வாய் வரை ரத்தம், கண் பாதி மூடியிருந்தது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல முகம் எடுத்ததில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

"இனிமே எந்தங்கச்சி இருக்கற தெருவுல உன்ன பாத்தேன், காலு இருக்காது" என்று ஆட்டோக்காரர் சொல்லி அனுப்பினார். அவன் கல்வராயன் மலைக்குப் போய்விட்டான். அங்கே மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றுகிறான் என்று ஸ்டாண்ட் டீக்கடையில் சொன்னார்கள். தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அண்ணன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணன் தினம் காலையில் ஆட்டோவில் கடையில் கொண்டுபோய் விடுவார், ராத்திரி கூட்டிவருவார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

எனக்குத்தான் முடியவில்லை. இந்தப் படங்களைப் பெரிது பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்ட வேண்டும் என்று ஒரு வெறி. போனில் பார்த்தால் சண்டை ஒரு வேடிக்கை, விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக நின்றால் ஓங்கிய கை நம் தலைக்கு மேல் இருக்கும். "சென்னையில வைடா, நாலு பேர் பாப்பான்" என்றார்கள் நண்பர்கள். சென்னைக்காரன் ஏசியில் நின்று எங்கள் ஊர் அடியைப் பார்த்துத் தலையாட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. அடித்தவனும் அடிபட்டவனும் வந்து பார்க்கட்டும் என்றேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு ஹால் இருந்தது. பிறந்தநாள், கட்சிக் கூட்டம், காரியம் என்று எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடுவார்கள். அதைப் பிடித்தேன். உள்ளே மாட்டுகிற பிரிண்ட்டுகளைச் சென்னையில் போட்டு லாரியில் வரவழைத்தேன்.

வாசலில் கட்டுவதற்கு மட்டும் ஒரு பேனர் வேண்டியிருந்தது. பேனர் என்றால் உள்ளூர் பிளக்ஸ் கடைதான். கடைக்காரர் தெரிந்தவர், நல்ல மனுஷர். அந்த முகத்தை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "கருப்பு வெள்ளையிலேயே போடுங்க, எட்டடி உயரம், காலைல ஹால் வாசல்ல கட்டிடுங்க" என்று ஒரு வரி எழுதினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. படம் தானே பேச வேண்டும் என்று ஒரு திமிர்.

காலையில் நான் போனபோது பேனருக்குக் கீழே கூட்டம் நின்றது. எட்டடிக்கு அந்த முகம். அதற்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. இரண்டு ஓரத்திலும் எரிகிற குத்துவிளக்கு, உச்சியில் இரண்டு புறா. கீழே 'உற்றார், உறவினர், நண்பர்கள்'. யாரோ ஒரு சாமந்தி மாலையையும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

விடிவதற்கு முன்பே கட்டிவிட்டுப் போயிருந்த பிளக்ஸ் கடைக்காரர், விட்டுப்போன ஏணியை எடுக்க வந்திருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

"ஏண்ணா? பேரு நீங்க சொல்லல, அதான் எடம் வுட்டு வெச்சிருக்கேன். அப்புறமா ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்."

"எவன்யா செத்தான்னு சொன்னது?"

"கருப்பு வெள்ளைல மூஞ்சி அனுப்புறீங்க, ரத்தம் வேற வடியுது. காலைல கட்டணும்ன்றீங்க. வேற இன்னாத்துக்கு அனுப்புவாங்க? சாவு வூட்டுக்கு போன் போட்டு இன்னா எழுதறதுன்னு கேக்கலாமாண்ணா? எங்க கடைல அப்டி கேக்கறதில்ல. நாங்களே போட்டுடுவோம்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கலர், மஞ்சள் நீராட்டுக்குக் கலர், தலைவர் பிறந்தநாளுக்கு இருக்கிற எல்லாக் கலரும். செத்தவருக்கு மட்டும்தான் கருப்பு வெள்ளை. துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் கடையில் எப்போதும் இருக்கிற மரியாதை அது. இதெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு வந்த கோபத்தில் அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவர் ஏணியோடு சாக்கடைப் பக்கம் சாய்ந்தார். எழுந்து வந்து என் வயிற்றில் குத்தினார். நாங்கள் இருவரும் அந்த எட்டடி முகத்துக்குக் கீழே கட்டிப் புரண்டோம். விலக்கிவிட வந்த பூக்காரர் தாடையில் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு பேனரின் ஒரு பக்கக் கயிற்றை அறுத்திருப்பேன், ஒரு டாட்டா ஏஸ் வண்டி வந்து நின்றது. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டு வந்திருந்தார்கள், கரும்பு வெட்டுகிற கத்தியும் தடியும் கையில். முன்னாலிருந்து இறங்கியவர் படத்தில் இருப்பவனுடைய அண்ணன், களமருதூர்ப் பக்கம் விவசாயி. அவர் ஊர்க்காரர் ஒருவர் காலையில் பஸ் மாற வந்தவர் பேனரைப் பார்த்துவிட்டு, "உன் தம்பிய அடிச்சே கொன்னுட்டாங்க போல, பேனரே கட்டிட்டாங்க" என்று போன் செய்திருக்கிறார். தம்பிக்குப் போன் போட்டுப் பார்த்தால் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று வந்திருக்கிறது. அந்த மலையில் பாதி இடத்தில் யாருக்கும் போன் கிடைக்காது. அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

பேனரைப் பார்த்ததும் அவர் மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய், "அய்யா, உங்க தம்பி சாவல, இது பழைய போட்டோ, மலையில லோடு ஏத்திக்கினு இருக்கறாராம்" என்றேன்.

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. டீக்கடையில் கேட்டதுதான். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே செத்துவிட்டானோ என்று. அந்த ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது போதும். அவர் எழுந்து, "பாடி உள்ளயா கீது?" என்று கேட்டுக்கொண்டே மாடிப்படி ஏறினார்.

உள்ளே பாடி இல்லை. என் படங்கள் இருந்தன. வாசலை ஒட்டி முதல் சுவரில் நான் ஆசை ஆசையாக மாட்டியிருந்தது அதே சண்டையின் இன்னொரு படம். ஆட்டோக்காரர் தலைக்கு மேல் இரும்புக் கம்பியை ஓங்கி நிற்கிறார். கீழே தம்பி. மண்டைக்கும் கம்பிக்கும் நடுவே வெறும் ஆகாயம். வெளியே செத்த முகம், உள்ளே கொன்றவன். ஒரு கோர்ட் கூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு சொல்லாது.

"அந்தக் கம்பி எறங்கவே இல்லைய்யா" என்று நான் கத்தினேன். "புட்சிட்டாங்க! எறங்கல!"

படத்தில் கம்பி ஓங்கியிருக்கிறது. அதை நம்புவாரா, என்னை நம்புவாரா? அவர் அந்தப் பிரிண்ட்டை இரண்டு கையாலும் சுவரிலிருந்து பிடுங்கினார். குறுக்கே போன என்னை அதன் முனையாலேயே நெஞ்சில் இடித்துத் தள்ளினார். பின்னால் வந்தவர்களில் ஒருவன் என் தோளில் தடியால் போட்டான். நான் எழுந்திருப்பதற்குள் எல்லாரும் படியிறங்கிவிட்டார்கள். பக்கத்துச் சுவர்களில் இருந்த படங்களும் போகிற போக்கில் கிழிந்தன.

ஆட்டோ ஸ்டாண்ட் கூப்பிடு தூரம்தான். நான் ஓடினேன். "ஓடிடுய்யா, ஓடிடு!" என்று தூரத்திலிருந்தே ஆட்டோக்காரருக்குக் கத்தினேன். அவர் தங்கையைக் கடையில் விட்டுவிட்டு வந்து, வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓட வேண்டிய காரணம் என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? கையில் டீ கிளாஸோடு என்னைப் பார்த்து, "இன்னா சார்?" என்றார்.

முதல் அடி அந்தக் கையில்தான் விழுந்தது. கிளாஸ் நொறுங்கியது. இரண்டாவது அடியில் முழங்கைக்குக் கீழே கை தனியாகத் தொங்கியது. அவர் கீழே விழுந்ததும் காலால் மிதித்தார்கள், தடியால் முதுகில் போட்டார்கள். அந்த அண்ணன் அழுதுகொண்டே அடித்தார். "எந்தம்பிய கொன்னுட்டியேடா, எந்தம்பிய கொன்னுட்டியேடா" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். மற்ற டிரைவர்கள் கல்லை எடுத்தார்கள். ஒரு கல் ஏஸ் வண்டியின் கண்ணாடியை உடைத்தது, இன்னொன்று கரும்புக் கத்தி வைத்திருந்தவனின் நெற்றியைப் பிளந்தது. ஆட்டோக்காரரின் காது பாதி கிழிந்து ரத்தம் கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அப்போதும் என் கை கேமராவைத் தூக்கியது. எடுத்தேன். எடுத்த பிறகுதான் உள்ளே பாய்ந்து அவர் மேல் குப்புறப் படுத்தேன். அதற்குப் பிறகு விழுந்த அடிகள் எனக்கு.

போலீஸ் வந்த பிறகுதான் அடி நின்றது. ஆட்டோக்காரரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். என்னையும்தான், எனக்கு விலா எலும்பில் விரிசல். களமருதூர் அண்ணனையும், தையல் போடுவதற்காக நெற்றி பிளந்தவனையும் போலீஸே அங்கே கூட்டிவந்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே வராந்தாவில் இருந்தோம்.

மத்தியானம் அந்த அண்ணனின் போன் அடித்தது. கிழங்கு லாரி மலையை விட்டு இறங்கியிருக்கிறது. கச்சிராயபாளையத்துக்கு வந்ததும் தம்பியின் போனுக்கு உயிர் வந்திருக்கிறது. வீடியோவில் அவன் முகம். வாயில் வெற்றிலை, தலையில் கிழங்கு மண்.

"இன்னாண்ணா இத்தினி தபா போன் அடிச்சிக்கீற? நானு மலையில இருந்தேன்."

அண்ணன் போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். "உசுரோட கீறான்! எந்தம்பி உசுரோட கீறான்!" போலீஸ்காரரைக் கட்டிப் பிடித்தார். என்னைக் கட்டிப் பிடித்தார், விலா எலும்பில் உயிர் போனது. ஸ்ட்ரெச்சரில் கை தொங்கக் கிடந்த ஆட்டோக்காரரிடமும் போனைக் காட்டினார். ஆட்டோக்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தத் தங்கை அப்போதுதான் வந்து நின்றாள். ஜவுளிக்கடை யூனிபார்ம் புடவை, இடுப்பில் அடையாள அட்டை. ஒல்லியான பெண். தன் அண்ணனின் கையைப் பார்த்தாள். அந்தக் கை இனி வண்டி ஓட்ட ரொம்ப நாள் ஆகும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டாள். அழவில்லை. ஆட்டோக்காரர் கை உடைந்ததைக் கேட்டுவிட்டு, போனில் புருஷன், "நான் நாளைக்கே வரேன், இனி என்ன எவன் கேப்பான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான அந்த போட்டோ புட்ச்சது?"

ஆமாம் என்றேன். மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"காலைல கடைக்கு போன் வந்துச்சி சார், அவரு செத்துட்டாருன்னு. மொதலாளியம்மா தண்ணி குட்த்து ஒக்கார வெச்சாங்க. எனக்கு அழுவயே வரல. எல்லாரும் எம் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாங்க, இவ ஏன் அழுவலன்னு. எங்கண்ணன அடிச்சத யாரும் சொல்லல, மத்தியானம் வரைக்கும் நிம்மதியா இருந்தேன் சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்டி ஒரு நிம்மதி இல்ல."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அண்ணன் போவதையே பார்த்தாள்.

"அவர அடிச்சத புட்ச்சீங்க. எங்கண்ணன அடிச்சதயும் புட்ச்சீங்களாம், ஸ்டாண்டுல சொன்னாங்க. என்ன அடிச்சத இதுவரைக்கும் ஒருத்தரும் புட்ச்சதில்ல. நாளைக்கு அவரு வராரு. நீங்க எங்க வூட்டுக்கு வரீங்களா சார், கேமராவ எடுத்துக்கினு?"

அவள் கிண்டல் செய்யவில்லை. என் முகத்தையே பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தாள். வருகிறேன் என்றேன்.

போனேன். விலாவில் கட்டோடு அவள் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், கேமரா மடியில். அவள் அண்ணனின் மனைவி வந்து எனக்கு மோர் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் சாயங்காலம் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தான்.

"செத்தவன பாக்க வந்தீங்களா சார்? நல்ல நேரத்துலதான் வந்துக்கீறீங்க. கலர்ல ஒண்ணு புடிங்க, பொண்டாட்டியோட. நான் உசுரோட கீறேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

தலையைச் சீவிக்கொண்டு வந்தான். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கையைப் போட்டான். நான் எடுத்தேன். லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது அவன் விரல்கள் அவள் தோளுக்குள் பதிந்திருந்தன, அவள் கண் என்னை விட்டு நகரவில்லை. படம் எடுத்து முடித்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. "அவ்ளோதான சார்?" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவனும் எதிரே படியில் உட்கார்ந்து மலையைப் பற்றி, கிழங்கு விலையைப் பற்றி, லாரி டிரைவரைப் பற்றி மரியாதையாகப் பேசினான். உள்ளே அவள் சோறு வடிக்கிற சத்தம் கேட்டது. நான் இருக்கிற வரைக்கும் அவன் குரலைக் கூட உயர்த்தவில்லை. தெரு விளக்கு எரிய ஆரம்பித்ததும் அவன் எனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கச் சொன்னான். சாப்பிட்டேன். கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்து, "நாளைக்கு சார்?" என்று கேட்டாள்.

மறுநாள் எனக்குச் சின்னசேலத்தில் ஒரு கல்யாண வேலை இருந்தது.